கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியல் படிக்கச் சேர்பவருக்கு

பிளஸ் டூ முடிவு வெளியான மறுவாரம், தாம்பரத்திலும் நுங்கம்பாக்கத்திலும் திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் கல்லூரி அலுவலகங்களின் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்பது ஒன்று. பிள்ளையை மதம் மாற்றிவிட மாட்டார்களே என்பது மற்றொன்று. அதைச் சற்றுக் குரல் தாழ்த்திக் கேட்பார்கள். விலங்கியல் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்திய எனக்கு, மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு என்றே தோன்றும். 200 ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணின் செடிகொடிகளையும் மீன்களையும் பூச்சிகளையும் தேடிச் சேர்த்துப் பெயரிட்டு வந்த ஒரு மரபின் வீட்டுக்குள் நுழைகிறோம். மூன்றாண்டுகளில் அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வெளியே வரப்போகிறோம்? இக்கட்டுரை அந்தக் கேள்வியை மையமாகக் கொண்டது. தமிழ்நாட்டின் கிறிஸ்தவக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலோ மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலோ சேர்பவருக்கும் இதில் பாதியேனும் பொருந்தும்.

சேரும்போது கவனிக்க வேண்டியவை

இளநிலையில் ‘உயிரியல்’ என்ற பெயரிலேயே பட்டப்படிப்பைத் தேடினால் நம் கல்லூரிகளில் அது அரிதாகவே அகப்படும். தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பவியல் என்று தனித்தனிப் பெயர்களில்தான் இடங்கள் இருக்கும். பெயரின் பளபளப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பதே பலரும் செய்யும் முதல் தவறு. உயிர்தொழில்நுட்பம் என்ற சொல்லில் மயங்கிச் சேர்ந்து, மூன்றாண்டுகளில் ஒரு செடியைக்கூட அதன் குடும்பத்தில் வைத்து அடையாளம் காணத் தெரியாமல் வெளியேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாவரவியலிலும் விலங்கியலிலும் சேர்ந்தவர் முதுநிலையில் மூலக்கூறு உயிரியலுக்குத் திரும்பிக்கொள்ளலாம்; அங்கிருந்து இங்கே திரும்புவது அவ்வளவு எளிதன்று.

அடுத்து, நீங்கள் விண்ணப்பிக்கும் பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரியில், ஒரே துறைப் பெயரில், காலை ஷிஃப்ட் உதவி பெறுவதாகவும் மாலை ஷிஃப்ட் சுயநிதியாகவும் இருக்கலாம். கட்டணத்தில் பெரும் வேறுபாடு இருக்கும். பழைய துறைகளான தாவரவியலும் விலங்கியலும் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில் இருப்பது, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு. கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்பதையும் கேளுங்கள். லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, திருச்சி தூய வளனார் கல்லூரி ஆகியவை 1978இலேயே தன்னாட்சி பெற்றவை. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரிக்குள்ளேயே உருவாகும். ஆகவே அகமதிப்பீட்டின் எடை எவ்வளவு, களப்பணிக்கு மதிப்பெண் உண்டா என்பனவற்றைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் தேடாமல் கல்லூரியின் பாடத்திட்டக் கையேட்டில்தான் தேட வேண்டும்.

அரசியலமைப்பின் 30(1) பிரிவின்படி இவை சிறுபான்மையினர் நிறுவனங்கள் என்பதால் இடங்களில் ஒரு பங்கு கிறிஸ்தவ மாணவர்களுக்கு ஒதுக்கப்படும். அந்தப் பங்கில் விண்ணப்பிப்பவரிடம் ஞானஸ்நானச் சான்றிதழும், பங்குத்தந்தை அல்லது சபை ஆயரின் கடிதமும் கேட்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வீட்டில் இருக்கும் சாதிச் சான்றிதழ் ஒன்றைச் சொல்லி, ஞானஸ்நானச் சான்றிதழ் வேறொன்றைச் சொன்னால், கல்வி உதவித்தொகையிலிருந்து பிற்கால அரசு வேலை வரை சிக்கல் தொடரும். விண்ணப்பப் படிவத்தைக் கிளிக் செய்யும் முன்பே குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. கடைசி நாள் மாலையில் முடிவெடுக்கத் தக்கதன்று.

நீட் தேர்வில் இடம் கிடைக்காமல் இங்கே வந்தவர்களுக்கு ஒரு சொல். முதலாண்டு விலங்கியல் வகுப்பில் இத்தகையவர்கள் எப்போதும் இருப்பார்கள். கால் இங்கேயும் கண் அடுத்த ஆண்டு நீட்டிலும் இருப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு தேதி குறித்துவிடுங்கள். முதல் இரண்டு பருவங்களில் அரியர் வைத்துக்கொண்டு, நீட்டிலும் தவறி, மூன்றாம் பருவத்தில் இரண்டுங்கெட்டானாக நிற்பவரைத் தேற்றுவதுதான் எங்கள் தொழிலிலேயே கடினமான வேலையாக இருந்தது.

அலமாரிக்குள் இருக்கும் சொத்து

தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி பறந்த காலத்தில், 1768இல், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்டு கோனிக் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்தார். அவரைச் சுற்றி மிஷனரிகள் சிலர் தாவரம் சேர்க்கத் தொடங்கினார்கள். தமிழ் அகராதி தொகுத்தவராக நாம் அறியும் ராட்லர் அவர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்துவிட்டு மற்ற நாட்களில் செடிகளை அழுத்தி உலர்த்திக்கொண்டிருந்தவர். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மற்றொரு மிஷனரி, கரையில் வந்திறங்கும் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு அனுப்பிவைத்தார். நம் சந்தைகளில் கத்தாளை என்று விற்கும் மீன்களில் ஒரு பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்ற பெயர் வந்தது அவரால்தான். மோசடிக்காரர்கள் லட்சக்கணக்கில் விலை பேசும், உண்மையில் எலி தின்று வாழும் அப்பாவிப் பிராணியான மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரான ‘எரிக்ஸ் ஜானி’ என்பதிலும் அவரே இருக்கிறார். விலங்கியல் மாணவர் மனப்பாடம் செய்யும் இலத்தீன் பெயர்களுக்குள் இப்படி ஒரு தரங்கம்பாடிக் கடற்கரை ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடமும் சற்று இலகுவாகும்.

இந்த மரபு அங்கேயே முடிந்துவிடவில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரகம், அதாவது உலர்த்திய செடிகளைத் தாள்களில் பொருத்திச் சேர்த்துவைக்கும் காப்பகம், நிறுவப்பட்டது. அதை உருவாக்கிய இயேசு சபைக் குருவான கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் நடந்து சேகரித்து, 1980களின் தொடக்கத்தில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். இன்றும் இப்பகுதியில் செடி அடையாளம் காண்பவர் அந்தத் தொகுதிகளைத் தொடாமல் இருக்க முடியாது. 1925இல் தொடங்கிய லயோலாவில் பூச்சியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கொடைக்கானல் செல்லும் வழியில் செண்பகனூரில் இயேசு சபையினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1837இல் தோன்றி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில், சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்த பின்னும், பழைய புதர்க்காட்டின் ஒரு பகுதி மிஞ்சி நிற்கிறது.

உங்கள் கல்லூரி இவற்றில் ஒன்றாக இல்லாமல் போகலாம். ஆயினும் பழைய மிஷன் கல்லூரி எதுவாக இருந்தாலும், துறை அருங்காட்சியகம் என்ற பெயரில் ஓர் அறையும், அதில் ஃபார்மலின் மங்கிய கண்ணாடிக் குடுவைகளும், எவரும் திறக்காத ஒரு மர அலமாரியும் நிச்சயம் இருக்கும். முதல் பருவத்திலேயே அந்த அறைக்குச் செல்ல அனுமதி கேளுங்கள். சாவி பேராசிரியரிடம் இருக்காது; லேப் அட்டெண்டரிடம் இருக்கும். அவரை அண்ணன் என்றோ ஐயா என்றோ மரியாதையாக அழைத்துப் பழகிக்கொண்டவர்களுக்குத் திறக்காத கதவு அந்தத் துறையில் இல்லை. எந்த மாதிரி எப்போது, எங்கிருந்து வந்தது என்பது பல வேளைகளில் பதிவேட்டில் இருப்பதைவிட அவர் நினைவில் தெளிவாக இருக்கும்.

பார்ப்பதோடு நிற்காமல் ஒரு தாளையாவது நீங்களே செய்துபாருங்கள். உலர்தாவரத் தாள் செய்வது பழைய காலத்து வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. என் அனுபவத்தில் ஒரு மாணவரின் கண்ணைப் பழக்குவதற்கு அதைவிட மலிவான கருவி கிடையாது. வளாகச் சுவரோரம் இருக்கும் குப்பைமேனி, தும்பை, நாயுருவி, மூக்கிரட்டை ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கலாம். பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து எடுங்கள். இலை மட்டும் உள்ள கிளையால் பயனில்லை. பறிப்பதற்கு முன்பே பூவின் நிறம், பால் வடிகிறதா, கசக்கினால் மணம் எப்படி, நிற்கும் இடம் ஈரமா வறட்சியா, உடன் என்னென்ன செடிகள் நிற்கின்றன என்பனவற்றைக் களக்குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். ஏனெனில் உலர்ந்த பின் இவற்றில் எதுவும் எஞ்சாது. செய்தித்தாள்களுக்கு இடையில் இலைகளை விரித்து, குறைந்தது ஓர் இலையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி அழுத்துங்கள். முதல் சில நாட்கள் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். சென்னை, நாகர்கோவில் போன்ற ஈரக்காற்று ஊர்களில் மழை மாதத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். உலர்ந்ததை ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித்தாளில் தைத்தோ ஒட்டியோ, வலது கீழ் மூலையில் பெயர்ச்சீட்டு வைக்க வேண்டும். இடம், தேதி, சேகரித்தவர் பெயர், வரிசை எண் ஆகிய நான்கும் இல்லாத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. அது வாழ்த்து அட்டைதான்.

உள்ளூர்த் தமிழ்ப் பெயரையும் சீட்டில் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் நாட்டு மருந்துக் கடைக்கு வருபவை ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல சிற்றினங்கள். இரண்டு கீழாநெல்லிகளை அருகருகே வைத்து வேறுபாட்டைக் கண்டுபிடித்த அன்றுதான் வகைப்பாட்டியல் எதற்கு என்பது ஒருவருக்கு விளங்கும்.

விலங்குகள் விஷயத்தில் சேகரிப்பு வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது, நிற்கவும் வேண்டும். காப்புக்காடுகளில் செடி பறிப்பதற்கும் வனத்துறையின் அனுமதி தேவை. மாறாக, பார்த்ததைப் பதிவு செய்யுங்கள். ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்டு போன்ற செயலிகள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பிலும் முதலாண்டிலேயே கலந்துகொள்ளுங்கள். ஒரே மரத்தடியில் மூன்றாண்டுகள் தொடர்ந்து குறித்துவைத்த நாட்குறிப்பு, எந்தக் கருத்தரங்கச் சான்றிதழை விடவும் மதிப்புள்ளது.

சேப்பல் மணியும் நெறிக்கல்வி வகுப்பும்

குரல் தாழ்த்திக் கேட்ட கேள்விக்கு வருவோம். அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும், மாணவரின் சம்மதமின்றி, அவர் வயது வராதவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ அவரைப் பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு கூறுகிறது. நடைமுறையில் பெரும்பாலான கல்லூரிகள் கிறிஸ்தவ மாணவருக்கு மறைக்கல்வி அல்லது வேதபாட வகுப்பும், மற்றவருக்கு நெறிக்கல்வி வகுப்பும் அதே நேரத்தில் நடத்துகின்றன. நெறிக்கல்வி பாடத்திட்டத்தில் பகுதி நான்கில் இடம்பெறுவது. வருகைப் பதிவும் தேர்வும் உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் நிற்கும். தன் பாடத்தில் எண்பதுக்கு மேல் எடுத்துவிட்டு, இது எதற்கு என்று அலட்சியமாக விட்ட ஒற்றைத் தாளுக்காகப் பட்டமளிப்பு விழாவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஜெபம் நடக்கும்போது அமைதியாக எழுந்து நிற்பது மரியாதை. அதற்கு மேல் உங்களிடம் எதையும் கேட்க எவருக்கும் உரிமையில்லை. யாரேனும் வற்புறுத்துவதாகத் தோன்றினால் விடுதியறையில் புலம்பாமல் துறைத்தலைவரிடம் நேராகச் சொல்லுங்கள்; நான் அறிந்த வரையில் மூத்த குருமார்களும் ஆயர்களும் இத்தகைய வற்புறுத்தலை நம்மைவிட அதிகமாக வெறுப்பவர்கள்.

விரிவாக்கப் பணி, அதாவது பகுதி ஐந்து, உயிரியல் மாணவருக்குக் கிடைக்கும் எதிர்பாராத பரிசு. கிராமத்துக்குச் சென்று இத்தனை மணி நேரம் பணிசெய்தாக வேண்டும் என்பது பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் கட்டாயம். தூய வளனார் கல்லூரியில் ‘ஷெப்பர்டு’ என்ற பெயரில் இது நெடுங்காலமாக நடக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் பேரணி நடத்தி, பதாகை பிடித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உங்கள் குழு பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளட்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத்தான் நம் அரசு மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது என்பதும், கட்டுப்போடுவதிலும் கீறி உறிஞ்சுவதிலும் கழியும் நிமிடங்களே உயிரைக் குடிக்கின்றன என்பதும் ஒரு கிராமத்துக்குத் தெளிவாகத் தெரிந்தாலே பெரிது. அந்த ஊரில் எந்தப் பாம்பு எந்த மாதத்தில் அதிகம் தென்படுகிறது, கடி வயலில் நேர்கிறதா, வீட்டில் தரையில் படுத்திருக்கும்போதா என்று விசாரித்து எழுதினால், விரிவாக்கப் பணியின் மணிக்கணக்கும் மூன்றாமாண்டுச் செயல்திட்டமும் ஒரே உழைப்பில் முடியும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது என்பதைப் பாடநூலில் படிப்பது வேறு. அதே ஊர்த் திண்ணையில் அமர்ந்து ஒரு பாட்டி சொல்லக் கேட்பது வேறு.

பரிணாமப் பாடம்

இனி, சேரும்போது எவரும் கேட்காத, ஆனால் மூன்றாண்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. ஒரு முறை பரிணாம வகுப்பு கலைந்த பிறகும் ஒரு மாணவன் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். "சார், நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. இதைத் தேர்வில் எழுதினால் நான் பொய் சொன்னதாக ஆகுமா?" என்று கேட்டான். சிரித்து அனுப்பிவிடக் கூடிய கேள்வி அன்று. வினாத்தாள் உன் விசுவாச அறிக்கையைக் கேட்கவில்லை. டார்வினும் அவருக்குப் பின் வந்தவர்களும் என்ன கூறினார்கள், எந்தச் சான்றைக் கொண்டு கூறினார்கள் என்றே கேட்கிறது, அதை நேர்மையாக எழுதுவதில் பொய் ஏதுமில்லை என்று சொன்னேன். அவன் நிம்மதியாகப் போனான். பிறகு யோசித்தபோது, நான் அவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டதாகத் தோன்றியது. தேர்வுக்கு எழுதலாம் என்று அனுமதிப்பது போதாது. சான்றுகளைத் தானே கையில் எடுத்துப் பார்க்கும்படி அவனை அழைத்திருக்க வேண்டும்.

அதை இங்கே சொல்கிறேன். நம் மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே பரிணாமம் இருக்கிறது, என்.சி.இ.ஆர்.டி. 2023இல் பத்தாம் வகுப்பிலிருந்து அந்தப் பகுதியை நீக்கியது. எனவே உங்கள் வகுப்பில் மத்தியப் பாடத்திட்டத்தில் படித்து வந்தவருக்கு அடித்தளம் சற்று மெலிந்திருக்கலாம். இருவரும் நெல்லிக்காயில் தொடங்கலாம். ஆடு எந்தக் காலத்திலும் நெல்லிக்காயைத் தேடி அலைய வேண்டியதில்லை. தனக்குத் தேவையான வைட்டமின் சி-யை அதன் ஈரல் தானே செய்துகொள்கிறது. அந்த வேலையின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. குரங்குகளிலும் வாலில்லாக் குரங்குகளிலும் அதே மரபணு சிதைந்தே இருக்கிறது. கினிப் பன்றியிலும் சிதைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக. ஒரே பிழை ஒரே விதமாக இருவர் விடைத்தாளில் இருந்தால் தேர்வுக் கண்காணிப்பாளர் என்ன முடிவுக்கு வருவாரோ, அந்த முடிவுக்கே உயிரியலாளரும் வருகிறார்.

அடுத்து, குரோமோசோம்கள். நமக்கு 46, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் தொடர்கள் கிடக்கின்றன; குரோமோசோமின் இடுப்புப் போன்ற பகுதியான சென்ட்ரோமியர், பழையது ஒன்றின் தடமும் இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டதன் தழும்பு அது. மூன்றாவதாக, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும் ஊதாத் தவளை. 2003இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவுகள் கேரளத்திலோ இலங்கையிலோ இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. உப்புநீரைத் தாண்ட முடியாத தவளை கடலைக் கடந்தது எப்படி என்று கேட்டால், தவளை கடக்கவில்லை, நிலம்தான் பிரிந்தது என்பதே விடை. இந்த மூன்றையும் உங்கள் சொற்களில், படம் வரைந்து, வீட்டில் உள்ள ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். அப்போதுதான் பாடம் உங்களுடையதாகும்.

‘இது வெறும் கோட்பாடுதானே’ என்று சொல்லி இந்தப் பாடத்தை இரண்டே வகுப்புகளில் முடித்துவிடும் ஆசிரியர்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் அன்று. நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் கோட்பாடுதான். அத்தகைய ஆசிரியர் வாய்த்தால் வாதாடி நேரத்தை வீணாக்காமல், வகைப்பாட்டியலிலும் மரபியலிலும் கருவியலிலும் ஒவ்வொரு பாடத்திலும் ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று நீங்களே பரிணாமக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைத்துப் படித்தவருக்கு, மற்ற அத்தியாயங்கள் பெயர்ப்பட்டியலாகவே மிஞ்சும்.

சபையின் பக்கத்தில் நிலைமை பலர் நினைப்பதைவிட நெகிழ்வானது. கத்தோலிக்க மாணவர் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும்: பரிணாம ஆய்வுக்குத் தடையில்லை என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார், அது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் கூறினார். புரொட்டஸ்டன்ட் சபைகளில் ஒரே குரல் இல்லை. ஆதியாகமத்தின் ஆறு நாட்களை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்பவரும் உண்டு, கவிதையாகப் படிப்பவரும் உண்டு. இது டார்வினுக்குப் பயந்து கண்டுபிடித்த சமாதானம் என்றும் கூறிவிட முடியாது. டார்வினுக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தீன், ஆதியாகமத்துக்கு எழுதிய உரையில், இயற்கையைப் பற்றி அறியாமல் வேதத்தின் பெயரால் பிதற்றி மற்றவர் சிரிப்புக்கு ஆளாகும் விசுவாசிகளைக் கண்டித்திருக்கிறார். அந்த அகுஸ்தீனின் பெயர் தாங்கிய சபையின் துறவிதான், பிர்னோ மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்த மெண்டல். 1866இல் வெளியான அவர் கட்டுரையை 1900 வரை அறிவியலாளர்களே பொருட்படுத்தவில்லை. மடம் அவருக்குத் தோட்டத்தைக் கொடுத்திருந்தது. மதம் எப்போதும் அறிவியலுக்கு எதிரி என்று நினைத்து வரும் மாணவருக்கும் இங்கே கற்றுக்கொள்ள ஒன்றிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் சபையில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தால் ஞாயிறு பள்ளியில் விவாத மேடை போட வேண்டாம். கல்லூரியிலேயே குருவாகவும் அறிவியல் ஆசிரியராகவும் இருப்பவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். மாலையில் நேரம் கேட்டு அவரிடம் சென்று பேசுங்கள். இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் இருந்தவர் அவர். மதச்சார்பற்ற கல்லூரியில் இந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது.

ஆய்வகம், ரெக்கார்டு, தேர்வு

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கு அறுவையைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கிய பிறகு, தவளையும் எலியும் மேசையிலிருந்து இறங்கிவிட்டன. படங்கள், மாதிரிகள், கணினி விளக்கங்கள் ஆகியவற்றைக் கொண்டே உள்ளமைப்பைக் கற்கிறீர்கள். இதனால் ஸ்பாட்டர்களின் எடை கூடியிருக்கிறது: மேசையில் வைத்த மாதிரியைப் பார்த்து, மணி அடிப்பதற்குள் அடையாளம் கண்டு, படம் வரைந்து, குறிப்பெழுதி நகர வேண்டும். இதற்குப் புத்தகப் படம் உதவாது. அருங்காட்சியக அறையில் குடுவையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவரே முன்பக்கம் தெரியாமல் திருப்பி வைத்த மாதிரியையும் அடையாளம் காண்பார். ரெக்கார்டு நோட்டை மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து வரையாதீர்கள். அதிலுள்ள தவறு பத்தாண்டுகளாகக் கைமாறி வருவதாக இருக்கும். ஒரே பூவின் குறுக்குவெட்டில் ஒரு மகரந்தத்தாள் குறைந்த படத்தை, ஒரே ஆண்டில் நாற்பது ரெக்கார்டுகளில் நான் திருத்தியிருக்கிறேன்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவத்தில் மனம் தளர்வது இயல்பு. பள்ளிப் பாடநூல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குன்றல் பிரிவு, பசுங்கணிகம், இலைத்துளை, நொதி என்று உங்களுக்குப் பொருளோடு தெரிந்த சொற்களை ஒரு பக்கத்திலும், வகுப்பில் கேட்கும் ஆங்கிலச் சொல்லை எதிர்ப்பக்கத்திலும் எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொண்டால், தீபாவளிக்குள் வகுப்பின் வேகம் பிடிபட்டுவிடும். பொருள் தெரியாமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் ஒப்பிப்பவரைவிட நீங்கள் ஒரு படி முன்னால்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாமாண்டுக்கு முன்

வேலை உண்டா என்ற முதல் கேள்விக்குச் சுருக்கமாக: பட்டத்தோடு பி.எட். முடித்து ஆசிரியராவது இன்னும் பலருக்குத் திறந்திருக்கும் வழி. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் அல்லது விலங்கியல் பட்டம் நேரடித் தகுதி. ஆய்வுக்குச் செல்ல விரும்புவோர் ஐ.ஐ.டி. நடத்தும் ஜாம் என்னும் முதுநிலை நுழைவுத்தேர்வுக்கு இரண்டாமாண்டிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடையில் வழங்கும் ஆய்வு நல்கைக்கு இரண்டாமாண்டு மாணவராக விண்ணப்பியுங்கள். இரண்டு மாதங்கள் ஒரு தேசிய ஆய்வகத்தில் அமர்ந்து பார்த்தால், ஆராய்ச்சி உங்களுக்கு ஏற்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இல்லை என்று தெரிந்தாலும் அது இலாபமே.

விண்ணப்பம் வழக்கமாக ஆண்டு முடியும் முன்பே கேட்கப்படுவதால், பரிந்துரைக் கடிதத்துக்கு அக்டோபரிலேயே ஆசிரியரை அணுகிவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் துறையைப் பூட்டிய பிறகு கையெழுத்துப் போட ஒருவரும் இருக்க மாட்டார்கள். செல்லும்போது மதிப்பெண் பட்டியலோடு உங்கள் களக்குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். என் மேசைக்கு வந்தவர்களில் எழுதக் கடினமாக இருந்த கடிதங்கள் எல்லாம், அந்த நோட்டு இல்லாமல் வந்தவர்களுக்கு எழுதியவையே.